இரண்டு பக்கமும் பார்த்தேன்

...இன்றைக்கு ஏன் தோள்? போன வாரம் முழங்கால் முடிந்ததும், அடுத்த ஞாயிறு முதுகெலும்பு என்று ஆஸ்பத்திரியில் கட்டுப்போடுகிற கார்த்திகேசு டிரெஸ்ஸர் தன் வாயாலேயே சொன்னாரே, கரும்பலகை மூலையில் எழுதியும் வைத்தாரே, அதை நம்பி நான் ஆறு நாளும் ரயில் சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கிக்கொண்டே முப்பத்துமூன்று கண்ணி, முப்பத்துமூன்று கண்ணி என்று உருப்போட்டுக்கொண்டு வந்தேன், மனுஷன் பாடம் நடக்கிற மாடிக்கு ஏறி வந்தார், எலும்புப் பெட்டியைத் திறந்தார், மேலே கிடந்த முதுகெலும்புக் கோவையை அப்படியே ஒதுக்கிவிட்டு அடியில் கையை விட்டுத் தோள்பட்டை எலும்பை எடுத்தார், எடுத்த கையோடு என்னைப் பார்த்தார்... பார்த்தாரா? மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கண் யாரைப் பார்க்கிறது என்று யார் கண்டது. இண்டைக்குத் தோள்மூட்டு பாப்பம் என்றார், ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து மனுஷர்களே இப்படித்தான், காரணத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் பேசுவார்கள். மற்ற பெஞ்சுகளில் யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை, அது இன்னும் மோசம், எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியுமோ என்னவோ.

நாங்கள் ஆறு பேர். தண்டால், பஸ்கி சொல்லித்தருகிறவர், கர்லாக்கட்டை சுற்றப் பழக்குகிறவர், பள்ளிக்கூடத்தில் டிரில் எடுக்கிறவர், சிலம்பக்காரர், எல்லாரும் ஈப்போவில் ஆளுக்கொரு கொட்டகை போட்டு நாலு பேருக்குத் தேகப்பயிற்சி கொடுக்கிறவர்கள். இனிமேல் எலும்பும் நரம்பும் தெரியாதவன் எவனும் அடுத்தவன் உடம்பில் கைவைக்கக் கூடாது, ஆறு ஞாயிற்றுக்கிழமை டிரெஸ்ஸரிடம் படித்துக் கடிதாசு வாங்கியவன்தான் கொட்டகை நடத்தலாம் என்று தேகப்பயிற்சிச் சங்கத்துக்காரர்கள் தீர்மானம் போட்டார்கள். எப்போது போட்டார்கள்? மாசியில். என்னிடம் கர்லாக்கட்டை பழகுகிற பத்துமலையின் தோள் என் கொட்டகையில் பிசகியது எப்போது? தைப்பூசத்துக்கு மறு ஞாயிறு. பத்து வருஷமாக இல்லாத சட்டம் அதற்குப் பிறகு ஒரே மாசத்தில் எங்கிருந்து முளைத்தது? இதை எவனிடம் கேட்பது, கேட்டால் உனக்கேன் இவ்வளவு அக்கறை சன்னாசி என்பான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நானே போய்ச் சொன்னதாக ஆகிவிடும். அதனால் மூன்று ஞாயிறாக வாயை மூடிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் ஒளிகிறான் என்பார்கள்.

டிரெஸ்ஸர் அந்த எலும்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்புகிறார், நடுவில் மெலிந்து வெளிச்சமே ஊடுருவுகிறது. யாருடைய எலும்பு இது? முதல் நாளிலிருந்தே இந்தக் கேள்வி எனக்கு. வெள்ளைக்காரன் எலும்பைப் பெட்டியில் போட்டு மாடி மாடியாகத் தூக்கிக்கொண்டு திரிவார்களா? யாரும் கேட்க வராத கூலிக்காரன் எவனோ, தோட்டத்து லயத்தில் காய்ச்சலில் போனவனோ, ஈயம் தோண்டுகிற லம்பத்தில் மண் சரிந்து போனவனோ... சரி, கேள் சன்னாசி, பாடத்தைக் கேள். தோள் மூட்டு கிண்ணத்தில் உட்காரவில்லை, தட்டில் உட்கார்ந்திருக்கிறது என்கிறார், கையெலும்பின் உருண்டையைத் தோள்பட்டைத் தட்டில் வைத்துக் காட்டுகிறார், சதையும் நாரும் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் நிற்கிறதாம், உடம்பிலேயே லேசாகக் கழலுகிற மூட்டு இதுதானாம். ஆகா, அப்படிச் சொல்லுங்கள் ஐயா. லேசாகக் கழலும். அப்படியென்றால் கர்லாக்கட்டை சுற்றும்போது கழன்றதில் என் குற்றம் என்ன இருக்கிறது? எனக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

அன்றைக்கு நடந்ததை நினைக்காமல் இருக்கத்தான் பார்க்கிறேன். பத்துமலை சிம்பாங் பூலாய்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பட்டை சீவிப் பால் மரம் வெட்டுகிறவன், என்னைவிட மூன்று நாலு வயது குறைச்சல், ஞாயிறானால் அங்கிருந்து நடந்தே என் கொட்டகைக்கு வருவான். கட்டையை இடது கையில் சுற்றிக்கொண்டிருந்தவன் அம்மா என்று குந்திவிட்டான். ஓடிப்போய் அவனை நிமிர்த்தி உட்கார வைத்து இரண்டு தோளையும் பார்த்தேன், வலது தோள் திரண்டு மேடாக இருந்தது, இடது தோள் இறங்கிப் பள்ளமாக இருந்தது. பார்த்தவுடனே தெரிந்தது, கழண்டு போச்சுடா என்றேன். படுக்க வைத்து, அக்குளில் என் குதிகாலைக் கொடுத்து, கையைப் பிடித்து இழுத்தேன். டக் என்று ஒரு சத்தம், எல்லோருக்கும் கேட்டது, கொட்டகையில் கைதட்டினார்கள், கைராசிக்காரர் என்றார்கள். அன்றிலிருந்து அவனுக்கு அந்தக் கை பக்கவாட்டில் எழும்பவில்லை. எட்டு வாரம் ஆகிறது. கங்காணி அவனை மரம் வெட்டிலிருந்து எடுத்துப் புல் வெட்டுக்குப் போட்டுவிட்டார், மாசக் கடைசிக்குள் கை எழும்பாவிட்டால் வேலைக்கு லாயக்கில்லை என்று துரையிடம் சொல்லிக் கப்பலேற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். எந்த ஊருக்கு அனுப்புவார்? அவன் பிறந்ததே இங்கே, ஊர் எது என்று கேட்டால் சிம்பாங் பூலாய் என்பான். நான் என்ன சும்மாவா இருக்கிறேன், வாரா வாரம் வரச்சொல்லி அந்தக் கையிலேயே சின்னக் கட்டையைக் கொடுத்துச் சுற்ற வைக்கிறேன், உழைத்தால் வந்துவிடும், இரும்பும் தேய்ந்தால்தான் மினுங்கும். இன்றைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன். பாடம் முடிகிற நேரத்துக்குக் கீழே சீனன் கடை வாசலில் வந்து நிற்பான்.

கழண்ட தோளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று டிரெஸ்ஸர் விரலை மடக்குகிறார். தோளின் முனைக்குக் கீழே விரல் வைத்தால் உள்ளே அமுங்கும். முழங்கை விலாவில் ஒட்டாமல் விலகி நிற்கும். நான் விரல் வைத்தேனா? வைத்திருப்பேன். முழங்கை... முழங்கையை யார் பார்த்தது, அவன் வலியில் துடித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது, இதுதான் முக்கியம் என்றார், அடிபட்ட பக்கத்துக் கையைக் கொண்டுபோய் மற்றத் தோளில் வைக்கச் சொல்ல வேண்டும், மூட்டு கழண்டவனால் எந்தப் பாடுபட்டாலும் அது முடியாது, முடிந்தால் மூட்டு கழலவில்லை, வெறும் சதைப் பிடிப்பு, துணியில் தாங்கல் கட்டி விட்டுவிட வேண்டியதுதான், இழுக்கவே கூடாது. எல்லோரும் எழுதிக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்து ஜெயபாலன் அடிக்கோடு வேறு போடுகிறான், கோடு போடும்போது ஓரக்கண்ணால் என் பக்கம்... இல்லை, அவன் மைக்கூட்டைப் பார்க்கிறான்.

துண்டு. எனக்கு ஏன் இப்போது அந்தத் துண்டு ஞாபகத்துக்கு வருகிறது? இழுக்கப்போகிறேன், பல்லைக் கடித்துக்கொள்ள எதையாவது வாயில் வை என்று சொன்னேன். அவன் வலது கையை, அன்றைக்கு வந்திருந்த சிலம்பக்காரர் ஷரபுதீன் பிடித்துக்கொண்டிருந்தார், ஆள் துள்ளாமல் இருக்க. அவன் துண்டு வலது தோளில் கிடந்தது. அதை யார் எடுத்து அவன் வாயில் வைத்தது? நான் இல்லை, என் இரண்டு கையும் அவன் இடது மணிக்கட்டைப் பிடிக்கத் தயாராக இருந்தன. ஷரபுதீனா? அவர்தான் இரண்டு கையாலும் அவனைப் பிடித்திருந்தாரே. அப்படியென்றால்... இல்லை, வேறு யாராவது எடுத்துக் கொடுத்திருப்பார்கள், சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள், ஒருவனுக்குமா கை இல்லை? ஆனால் கண்ணை மூடினால் ஒரு கைதான் தெரிகிறது, கத்தி பட்டுப் பட்டுத் தழும்பேறிய பெருவிரலோடு ஒரு கை குறுக்கே வந்து துண்டின் முனையைப் பிடித்து உருவுகிறது. மரம் வெட்டுகிறவன் கை, இடது கை. இந்த டிரெஸ்ஸருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வேண்டுமென்றே அந்த மூன்றாவது விரலை மடக்கினாரா?

தெரியாமல் எப்படி இருக்கும், சொல்ல ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாரே. ஷரபுதீன், நாகூர்க்காரர், துணிக்கடை வைத்துக்கொண்டு ஞாயிறு தோறும் சிலம்பம் சொல்லித்தருகிறவர், மூன்று வாரமாக என் பெஞ்சிலேயே உட்கார்ந்து எனக்குக் கிராம்பு நீட்டுகிறார். ஏன் நீட்டுகிறார்? அதற்கு முன்னால் நீட்டியதில்லையே. நான் இப்படி நினைத்து முடிப்பதற்குள் மனுஷன் எழுந்தே விட்டார், சொங்கோக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, டிரெஸ்ஸர் ஐயா, நம்ம சன்னாசி அண்ணன் ஒரு தோளை ஏத்திவிட்டதை நான் கண்ணால பார்த்திருக்கேன், ஒரே இழுப்பு, டக்குன்னு உட்கார்ந்துருச்சு என்று பெருமை பேசுகிறார். பெருமையாம். எனக்குக் காது இரண்டும் சுட்டது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வந்தது வினை, இதற்காகத்தான் கிராம்பு. டிரெஸ்ஸர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்து மாட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அப்பிடியோ? இழுக்க முதல் என்ன பாத்தனீங்கள்?"

"ரெண்டு பக்கமும் பார்த்தேங்க ஐயா."

"நல்லது. தோளுக்கு வெளிப்பக்கம் தொட்டுப் பாத்தனீங்களோ, உணர்வு இருக்கோ எண்டு?"

"பார்த்தேன்."

பொய். நாக்கு கூசாமல் வந்துவிட்டது. தோளின் வெளிப்பக்கம், பட்டாளத்துக்காரன் பட்டை தைத்துக்கொள்கிற இடத்தைத் தொட்டுக் காட்டினார் டிரெஸ்ஸர். அந்த மூட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு ஓடுகிறதாம், அது நசுங்கினாலோ இழுபட்டாலோ அந்த உள்ளங்கையகல இடம் மரத்துப்போகுமாம், கை பக்கவாட்டில் எழும்பாதாம். கழலும்போதே நசுங்கலாம், இழுக்கிறவன் இழுப்பிலும் போகலாம், அதனால்தான் இழுப்பதற்கு முன்னால் தொட்டுப் பார்க்க வேண்டும், பார்க்காதவனுக்குக் கெடுத்தது விழுந்ததா தன் கையா என்று சாகும்வரை தெரியாது. சாகும்வரை என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார், இது சத்தியம். நான் எலும்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். பத்துமலை எப்போதாவது மரத்துப்போச்சு என்று சொன்னானா? இல்லை. சொல்லாதவனுக்கு எப்படி மரத்திருக்கும்? அவன் எதைத்தான் சொன்னான், வலிக்கிறதா என்றால் பரவால்லலா என்பான், கங்காணி கப்பலேற்றுவேன் என்றதைக்கூட மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னான்.

கீழே தெருவில் தவ்வு என்கிற சோயாக்கட்டி விற்கிற சீனர் கூவிக்கொண்டு போனார். டிரெஸ்ஸர் ஜன்னலில் எட்டிப் பார்த்து அவரைக் கூப்பிட்டார், மலாயில் ஏதோ சொன்னார், சீனர் சிரித்துக்கொண்டே மாடியேறி வந்தார், தோளில் சுமக்கிற காண்டாக் கம்பையும் இரண்டு பக்கக் கூடையையும் படிக்கட்டில், போன மார்கழி வெள்ளத்தின் சேற்றுக்கோடு இன்னும் போகாத அந்தச் சுவரோரமாக வைத்துவிட்டு. அவரைச் சட்டையைக் கழற்றச் சொன்னார் டிரெஸ்ஸர். இவருக்கு ஒரு தோள் கெட்டிருக்கிறது, எந்தத் தோள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்றார் டிரெஸ்ஸர். நாங்கள் பார்த்தோம். வலது தோள் திரண்டு மேடாக இருந்தது. இடது தோள் இறங்கிப் பள்ளமாக இருந்தது. ஜெயபாலன் இடது என்றான். ஷரபுதீன் இடது, கழண்டிருக்கு ஐயா, ஏத்தணும் என்றார். எல்லோரும் இடது என்றார்கள், என் முறை வந்தது, நான் சீனரின் வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரெஸ்ஸர் சீனரின் வலது தோளின் மேட்டைப் பிடித்துக் காட்டினார், தோலுக்கடியில் அது ரப்பராட்டம் அமுங்கியது. முப்பது வருஷம் கம்பு அழுத்தி வளர்ந்த கட்டி. இரண்டு தோளும் நல்ல தோள்தானாம். மேட்டை வைத்துப் பள்ளத்தைச் சொல்லாதேங்கோ, பாரம் சுமக்கிறவன் உடம்பு ரெண்டு பக்கமும் ஒண்டாய் இராது என்றார். சீனர் இடது கையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுச் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள், ஷரபுதீன்தான் ரொம்பச் சிரித்தார்.

எனக்கா தெரியாது? எனக்கா? பாலை வாளியில் ஊற்றிக் காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் மாட்டி, ஒரே தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோகிற தோட்டத்துக்காரன் எவனுக்கும் அந்தக் கட்டி உண்டு. என் அப்பனுக்கு இருந்தது, நான் அதைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன். பதினைந்து வயதில் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, ரயிலடியில் மூட்டை தூக்கி, கட்டை சுற்றி, இரண்டு பக்கமும் சரிசமமாக உடம்பை வளர்த்தேன், கொட்டகைக்கு வந்தவனெல்லாம் டவுன்காரன், கடைக்காரன், ஆபீஸ் கிராணி மகன், எல்லோர் தோளும் ஒன்றுபோல இருந்தது. பத்துமலை ஒருவன்தான் தோட்டத்திலிருந்து வந்தவன். பத்து வருஷமாகக் காண்டா தூக்கின தோள் அது. பார்த்த மாத்திரத்தில் தெரியவேண்டியவன் நான் ஒருத்தன்தான், எனக்கு மட்டும் தெரியாமல் போனது. மேட்டைப் பார்த்துப் பள்ளத்தைக் கண்டுபிடித்தேன், சதை பிடித்திருந்த கையைக் காலால் மிதித்து இழுத்தேன். அப்படியென்றால் டக் என்று கேட்டது என்ன? எது உள்ளே போகிற சத்தம் என்று கைதட்டினார்கள்?

இல்லை, அவசரப்படாதே. கட்டியும் இருக்கலாம், கழண்டும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது என்று எந்தப் பலகையில் எழுதியிருக்கிறது? துண்டை வேறு எவனாவது எடுத்திருக்கலாம். சீனரை டிரெஸ்ஸர் ஏன் இன்றைக்குக் கூப்பிட்டார், தவ்வுக்காரர் தினமும்தான் போகிறார், போன வாரம் முழங்காலுக்கு ஒருத்தரைக் கூப்பிட்டாரா? இவருக்குத் தெரியும். தெரிந்தே ஒவ்வொரு கல்லாக எடுத்து வைக்கிறார். ஆறாவது வாரம் கடிதாசு கொடுக்கும்போது என் பெயரை மட்டும் விட்டுவிடுவார், கொட்டகையைச் சாத்து என்பார்கள், பத்து வருஷம்... பாடம் முடிந்தது. எலும்புகளைத் துணியில் சுற்றிக்கொண்டே கடைசியாக ஒன்று சொன்னார். உங்கள் கொட்டகையில் எவருக்காவது அப்படித் தோள் மரத்திருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள், சீக்கிரம் வந்தால் தாங்கல் கட்டி மெல்ல மெல்லப் பழக்கி மீட்டுவிடலாம், எழும்பாத கையில் பாரத்தைக் கொடுத்துச் சுற்ற வைத்தால் இருக்கிற சதையும் போகும், யார் என்ன செய்தது என்று நான் கேட்க மாட்டேன் என்றார். கேட்க மாட்டாராம். கேட்காதவர் அதை ஏன் சொல்ல வேண்டும்?

இறங்கி வந்தேன். ஷரபுதீன் கிராம்பு நீட்டினார், வேண்டாம் என்றேன், முகம் வாடிப்போனது, கோபமாண்ணே என்று கேட்டார், இல்லை என்றேன், வாரேண்ணே என்று போய்விட்டார். சும்மாதான் நீட்டினாரோ என்னவோ. பத்துமலை சீனன் கடை வாசலில் நின்றிருந்தான், வெயிலில் வந்த வியர்வை, இடது கை மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது, வலது கையில் என் சின்னக் கர்லாக்கட்டை. வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறான், வாரம் முழுக்கச் சுத்தினேண்ணே, ஒரு நாள்கூட விடல என்றான். நான் அவனைப் பார்த்தேன். அவன்தான் டிரெஸ்ஸரிடம் சொன்னான் என்று இரண்டு வாரமாக அவனையும் சேர்த்தல்லவா சந்தேகப்பட்டேன். கேட்டுவிடலாம் என்று தோன்றியது, கேட்காமல் விட்டுவிடலாம் என்றும் தோன்றியது, எது முந்தியது என்று எனக்கே தெரியவில்லை.

"பத்துமலை, அன்னைக்கு நான் இழுக்குறதுக்கு முன்னாடி, தோள் கழண்ட மாதிரி உனக்கு இருந்துச்சா?"

அவன் யோசித்தான். சதை பிடிச்ச மாதிரிதாண்ணே இருந்துச்சு என்றான். பிறகு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்தவனாக அவசரமாகச் சேர்த்தான்.

"எனக்கு என்னண்ணே தெரியும், நீங்கதானே கழண்டு போச்சுன்னு சொன்னீங்க."

அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. துருவிப் பார்த்தேன், குத்தல் இல்லை, சந்தேகம் இல்லை, மூன்று ஞாயிறாக நான் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்த எதுவும் இவனிடத்தில் இல்லை, நான் சொன்னேன், அதனால் கழண்டிருந்தது, அவ்வளவுதான். மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. மாடியில் டிரெஸ்ஸர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது, மூன்று ஜன்னல், ஒன்று சாத்தியாகிவிட்டது. இவனைக் கூட்டிக்கொண்டு மேலே போனால் பத்துப் படி. போனால் தொட்டுப் பார்த்தேன் என்று சொன்ன வாயை என்ன செய்வது? இந்தப் பக்கம் திரும்பி நடந்தால் என் கொட்டகை, கட்டையைக் கொடுத்தால் சுற்றுவான். இரண்டாவது ஜன்னல். திரும்பு, ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் பார்த்து நில்லு, தொட்டா தெரியுதான்னு சொல்லு என்றேன். அவன் திரும்பிக் கடைச் சுவரைப் பார்த்து நின்றான். எட்டு வாரம் கழித்து, அவன் இடது தோளின் வெளிப்பக்கத்தில், அந்த உள்ளங்கையகல இடத்தில் என் விரலை வைத்தேன், முதலில் லேசாக, பிறகு அழுத்தி, நகம் பதிகிற அளவு அழுத்தி. அவன் பொறுமையாக நின்றுகொண்டிருந்தான். மேலே டிரெஸ்ஸர் கடைசி ஜன்னலையும் சாத்தினார்.

"தொடுங்கண்ணே," என்றான் பத்துமலை, "நான் ரெடியாத்தான் நிக்கிறேன்."